கனிந்த காலமும் களைத்த கைகளும்

இலக்கியத்திற்கு நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தவர் தொல்காப்பியர். அந்நிலத்திலும் பொழுதிலும் வாழ்வனவற்றையும் வழங்குவனவற்றையும் அவர் கருப்பொருள் என்று தொகுத்தார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்று செல்லும் அவ்வரிசையில் மக்கள் செய்யும் தொழிலும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. மரத்தையும் பறவையையும் எண்ணிய இடத்திலேயே உழைப்பையும் வைத்து எண்ணியது பழந்தமிழர் கண்ட இலக்கிய நுட்பமாகும். நிலத்தைப் பாட வருகின்றவன் அந்நிலத்தில் உழைக்கின்றவனை விலக்கிவிட்டுப் பாட இயலாது என்பது இதன் உட்கிடை.

பள்ளிகளில் இயற்கைக் கவிதையைக் கற்பிக்கும்போது இந்த நுட்பம் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது. இயற்கை என்றால் வருணனை, வருணனை என்றால் அடைமொழி என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது. பொன்னிறக் கதிர், வண்ண மலர், குளிர்ந்த தென்றல் என்று மனப்பாடம் செய்த தொடர்களை அவர்கள் கட்டுரைதோறும் அடுக்குகின்றனர். இயற்கையின் இன்பம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா எழுவதேயில்லை. இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்குத் துணை நிற்கக்கூடிய மேல்நாட்டுக் கவிஞர் ஒருவர் உண்டு. அவர் அமெரிக்க நாட்டின் இராபர்ட் பிராஸ்ட் (1874–1963). நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சிற்றூர்ப்புறத்து இலையுதிர் காலத்தை அவர் பாடிய கவிதைகள் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பருவமும்

இலையுதிர் காலம் என்பது தமிழரின் பழைய பெரும்பொழுதுகளுள் ஒன்றன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறும் தமிழ் நிலத்து மழையையும் பனியையும் வெயிலையும் கொண்டு பெயர் பெற்றவை. மேல்நாட்டின் நான்கு பருவங்களைத் தமிழில் சொல்ல நேர்ந்தபோது இலையுதிர் காலம் என்னும் தொடர் வழக்கில் வந்து ஊன்றியது. ஐப்பசி, கார்த்திகைக்குரிய கூதிர் மாதக் கணக்கில் அதற்கு நெருங்கி வந்தாலும் தன்மையில் வேறானது. கூதிர் மழையும் வாடையும் கலந்த பருவம். வடபுலத்து அக்டோபரோ வானம் தெளிந்து, காலையில் உறைபனி படிந்து, நண்பகலில் இளவெயில் காயும் பருவம்.

பெயர் ஒன்றே மாணவரின் எண்ணத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறது என்பதும் கருதத்தக்கது. இலை உதிர்வதையே பெயராகக் கொண்டமையால், அது இழப்பின் பருவம், முதுமையின் உருவகம் என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றனர். அமெரிக்கரும் அப்பருவத்தை 'வீழ்ச்சி' என்று பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். ஆயினும் பழைய ஆங்கிலத்தில் அப்பருவத்திற்கு வழங்கிய பெயர் 'அறுவடை' என்பதே. இலையைப் பார்ப்பவனுக்கு வீழ்ச்சியாகத் தோன்றுவது நிலத்தை உழுதவனுக்கு விளைவாகத் தோன்றுகிறது. இவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் பிராஸ்டின் கவிதைகள் நிற்கின்றன.

நிலமும் கவிஞரும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள ஆறு மாநிலங்கள் சேர்ந்து நியூ இங்கிலாந்து எனப்படும். அவற்றுள் நியூ ஹாம்ப்ஷயரும் வெர்மான்டும் குன்றும் காடும் நிறைந்தவை. அங்கே பனிக்காலம் நீண்டது; பயிர் செய்யத்தக்க காலம் குறுகியது. செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை மேப்பிள் முதலிய மரங்களின் இலைகள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுகின்றன. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை அதனால் மறைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. சிவப்பு நிறமியோ அந்நாள்களில்தான் இலையில் புதிதாக உண்டாகிறது. சாவின் நிறம் என்று பலர் கருதும் அச்சிவப்பு, இலை தன் இறுதி நாள்களில் செய்துகொள்ளும் ஆக்கமாகும். பிராஸ்டுக்கு முற்பட்ட எழுத்தாளராகிய ஹென்றி டேவிட் தோரோ, தம் மறைவுக்குப் பின் 1862இல் வெளிவந்த 'இலையுதிர்கால வண்ணங்கள்' என்னும் கட்டுரையில், இலை நிறம் மாறுவதைக் கனி பழுப்பதோடு ஒப்பிட்டு விளக்கினார்.

அந்நிலத்தின் மண் கல் நிறைந்தது. உழவர்கள் வயலிலிருந்து பெயர்த்த கற்களையே எல்லைச் சுவர்களாக அடுக்கினர். 19ஆம் நூற்றாண்டில் மேற்கிலுள்ள வளமான நிலங்களை நாடியும் ஆலை நகரங்களை நாடியும் மக்கள் பெயர்ந்தமையால் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. உழுத வயல்களில் மீண்டும் காடு வளர்ந்தது. கற்சுவர்கள் மட்டும் காட்டிற்குள்ளே கிடந்தன. ஆகவே பிராஸ்ட் பாடிய பண்ணை வாழ்வு செழித்துக்கொண்டிருந்த வாழ்வன்று. அது தளர்ந்துகொண்டிருந்த வாழ்வு. அவருடைய இலையுதிர்காலக் கவிதைகளில் இன்பத்தின் அடியில் ஒரு கனம் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பிராஸ்ட் பிறந்தது சிற்றூரிலன்று. சான் பிரான்சிஸ்கோ நகரில். 1885இல் தந்தை மறைந்தபின் தாயுடன் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்னும் ஆலை நகருக்கு வந்தார். அங்கே நெசவாலையிலும் சிறிது காலம் வேலை செய்தார். 1900இல் அவருடைய பாட்டனார் நியூ ஹாம்ப்ஷயரில் டெர்ரி என்னும் ஊரருகே 30 ஏக்கர் பண்ணையை வாங்கி அவருக்கு அளித்தார். அதே ஆண்டில், நான்கு வயதும் நிரம்பாத மூத்த மகனை அவர் நோய்க்குப் பறிகொடுத்தார். பண்ணையில் கோழி வளர்த்தார், ஆப்பிள் பறித்தார், ஏட்டில் எழுதினார். 1906 முதல் 1911 வரை பிங்கர்ட்டன் கல்விக்கூடத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். அடுத்த ஓராண்டு பிளிமத் நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரிய மாணவர்க்குக் கற்பித்தார் என்பது ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

1912இல் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றார். முதல் நூலாகிய 'ஒரு சிறுவனின் விருப்பம்' 1913இலும், இரண்டாம் நூலாகிய 'பாஸ்டனுக்கு வடக்கே' 1914இலும் இலண்டனிலேயே வெளிவந்தன. பாஸ்டனுக்கு வடக்கேயுள்ள பண்ணைகளைப் பற்றிய கவிதைகள் பல கடலுக்கு அப்பாலிருந்து எழுதப்பட்டன. அவ்வின்பம் கண்ணெதிரே நின்றதன்று, நினைவில் நின்றது. நினைவில் தங்கியது எது என்று பார்ப்பதே அவருடைய கவிதையின் தன்மையை அறியும் வழி.

ஒரு நாளை நீட்டிக் கேட்கும் வேண்டுகோள்

முதல் நூலில் இடம்பெற்ற 'அக்டோபர்' என்னும் கவிதை 21 அடிகளைக் கொண்ட ஒரு வேண்டுகோள். அமைதியான ஓர் அக்டோபர்க் காலை. இலைகள் உதிரும் அளவுக்குக் கனிந்துவிட்டன. நாளை காற்று பலமாக வீசினால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். காகங்கள் கூடிக் கரைகின்றன. அவையும் நாளை இவ்விடம் விட்டுப் போகக்கூடும். ஆகவே கவிஞர் காலைப்பொழுதை விளித்து, இந்த நாளை மெல்ல மெல்ல நடத்துமாறு வேண்டுகிறார். விடியலில் ஓர் இலை, நண்பகலில் ஓர் இலை, தம் மரத்திலிருந்து ஒன்று, தொலைவிலுள்ள மரத்திலிருந்து ஒன்று என்று எண்ணி எண்ணி உதிர்க்கச் சொல்கிறார். வெயிலை மூடுபனியால் தடுத்து வைக்கச் சொல்கிறார்.

இதுவரை இது இன்பத்தை நீட்டிக்க விரும்பும் எவர்க்கும் உரிய வேண்டுகோள். கவிதையின் முடிவில்தான் கவிஞரின் தனித்தன்மை வெளிப்படுகிறது. இந்தத் தயவை அவர் தமக்காகக் கேட்கவில்லை. சுவரோரம் படர்ந்திருக்கும் திராட்சைக்காகக் கேட்கிறார். அதன் இலைகள் உறைபனியால் ஏற்கெனவே கருகிவிட்டன. பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. நாள் விரைந்தால் அவை கெட்டுவிடும். அழகை இரசித்து நின்றவர் போலத் தோன்றியவர், பயிரின் மேல் கண் வைத்த உழவர் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. வானத்தையும் இலையையும் பாடிக்கொண்டே போயிருந்தால் இது நூற்றுள் ஒரு கவிதையாகியிருக்கும். அந்தத் திராட்சைக் கொடியே அதற்கு வேர் அமைத்துக் கொடுத்தது.

அதே நூலில் 'பொழுது கடந்த நடை' என்னும் மற்றொரு கவிதையும் உண்டு. அறுத்த புல்வெளி, வாடிய களை, பறவைகளின் துயரக் குரல், கடைசியாக நின்ற ஒரு பூவைப் பறித்துக் காதலிக்குக் கொண்டு செல்லுதல் என்று அது முடிகிறது. அதில் ஓசை இனியது, உணர்ச்சியும் பொய்யன்று. எனினும் அப்பூவைப் பறிக்கும் கை யாருடையதாகவும் இருக்கலாம். திராட்சைக்காகக் கவலைப்படும் உள்ளமோ ஒரு பண்ணைக்காரனுடையதாகத்தான் இருக்க முடியும். ஒரே நூலின் இவ்விரு கவிதைகளையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தால், பொது வருணனைக்கும் தொழிலறிந்த பார்வைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் எளிதில் உணர்வர்.

ஆப்பிள் பறித்த பின்

பிராஸ்டின் இலையுதிர்காலக் கவிதைகளுள் தலைசிறந்தது 'பாஸ்டனுக்கு வடக்கே' நூலிலுள்ள 'ஆப்பிள் பறித்த பின்' என்பது. 42 அடிகளே கொண்ட அக்கவிதையில் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆப்பிள் பறித்து முடித்த ஒருவன் தூக்கத்தில் ஆழ்ந்துகொண்டிருக்கிறான், அவ்வளவே. மரத்தின் ஊடே அவன் ஏணி இன்னும் வானை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அருகே நிரம்பாத பீப்பாய் ஒன்று கிடக்கிறது. ஏதோ ஒரு கிளையில் இரண்டு மூன்று பழங்கள் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றை இனிப் பறிக்கப் போவதில்லை என்று அவன் தீர்மானித்துவிட்டான்.

இங்கே இன்பம் எங்கே இருக்கிறது என்று மாணவர் கேட்கலாம். விடை அக்கவிதையின் புலனுணர்வுகளில் கிடைக்கிறது. முதலில் மணம்: இரவுக் காற்றில் ஆப்பிளின் வாசம் நிறைந்து தூக்கத்தை வருவிக்கிறது. அடுத்துக் காட்சி: அன்று காலையில் கால்நடைகளின் தண்ணீர்த் தொட்டியில் கண்ணாடித் தகடு போலப் படிந்திருந்த பனிக்கட்டியை எடுத்து அதன் ஊடாக வெண்பனி மூடிய புல்வெளியைப் பார்த்திருக்கிறான். தகடு உருகி விழுந்து உடைந்தாலும், அதன் வழியாகப் பார்த்த விந்தை கண்ணை விட்டு நீங்கவில்லை. பிறகு ஊறு: ஏணிப்படி அழுத்திய வலி இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது, கிளை வளையும்போது ஏணி அசைவதும் உடம்பில் உணரப்படுகிறது. பிறகு ஒலி: நிலவறையில் சுமை சுமையாக ஆப்பிள் கொட்டப்படும் உருளொலி காதில் ஓயவில்லை. கண்ணை மூடினால் பழங்கள் பெருத்துத் தோன்றுகின்றன. காம்புப் பக்கமும் பூமுனைப் பக்கமும் தோலிலுள்ள செம்பழுப்புப் புள்ளியும் தனித்தனியே தெரிகின்றன.

இவற்றுள் ஒன்றேனும் வழிப்போக்கனுக்குக் கிடைக்கக்கூடியதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாலையில் நின்று தோட்டத்தைப் பார்ப்பவனுக்குச் சிவந்த பழமும் பச்சை இலையும் தெரியும். உள்ளங்காலில் ஏணிப்படியின் வடிவம் பதிந்திருப்பது நாள் முழுதும் அதன்மேல் நின்றவனுக்கே தெரியும். பூமுனைப் பக்கம் என்று ஒன்று பழத்திற்கு உண்டு என்பதும் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தியவனுக்கே நினைவில் நிற்கும். இக்கவிதையின் அழகு அனைத்தும் வேலையின் வழியாக உடம்பில் இறங்கிய அழகு.

தொழில் நுட்பமும் கவிதையில் பிழையின்றி அமைந்துள்ளது. சேமித்து வைக்கும் ஆப்பிளைக் கையால் பறித்துக் கீழே விழாமல் இறக்க வேண்டும். அடிபட்ட பழம் நிலவறையில் அழுகும். பக்கத்துப் பழங்களையும் கெடுக்கும். ஆகவே தரையில் விழுந்த பழம், காயம் படாததாயினும், சாறு பிழியும் குவியலுக்கே போகும். அதை மதிப்பற்றது என்று ஒதுக்குவர். தொட்டுப் போற்றி விழாமல் இறக்க வேண்டிய பழங்களின் எண்ணிக்கையைக் கவிஞர் சொல்லும் முறையைக் கணக்கிட்டால் ஒரு கோடி வருகிறது. எந்தச் சிறு பண்ணையிலும் அத்தனை பழம் காய்க்காது. அது களைத்துப் போன கைகள் போடும் கணக்கு. உயர்வு நவிற்சி என்று அணியின் பெயரைச் சொல்லிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடக் கூடாது. அந்த மிகை யாருடைய உடம்பிலிருந்து வருகிறது என்பதையும் விளக்க வேண்டும்.

கவிதையின் நடுவே, தான் விரும்பிய பெருவிளைச்சலே தன்னைக் களைப்பில் ஆழ்த்திவிட்டது என்று அவன் ஒப்புக்கொள்கிறான். இக்கவிதையின் உயிர்நிலை இதுவே. விளைச்சல் வேண்டும் என்று ஆண்டு முழுதும் ஏங்கினான், விளைந்தது, அளவுக்கு மீறி விளைந்தது, அதைச் சுமந்து சுமந்து சலித்துவிட்டான். இன்பமும் சலிப்பும் வெவ்வேறு பொருளால் வந்தவையல்ல. ஒரே ஆப்பிளால் வந்தவை. நிறைவு என்னும் சொல்லின் முழுப்பொருள் இது. நிறைந்தபின் மேலும் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றுவதும் நிறைவின் ஒரு பகுதியே.

யாப்பும் இதற்குத் துணை செய்கிறது. நீண்ட அடிகளுக்கு நடுவே திடீரென்று ஓரிரு சீர்களில் முடியும் குறுகிய அடிகள் வருகின்றன. இயைபு உண்டு, ஆனால் அது எப்போது வரும் என்று எதிர்பார்க்க இயலாதபடி தள்ளித் தள்ளி வருகிறது. தமிழ் யாப்பில் நெடிலடிகளுக்கு இடையே குறளடி வந்து நின்றால் எத்தகைய தடை தோன்றுமோ அத்தகைய தடை இங்கே தோன்றுகிறது. தூங்குகின்றவனின் தலை சரிவதும் நிமிர்வதும் போன்ற ஓசை அது.

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1819 செப்டம்பரில் எழுதிய 'இலையுதிர் காலத்திற்கு' என்னும் புகழ்பெற்ற பாட்டை இதனுடன் ஒப்பிடலாம். அதிலும் களஞ்சியம் உண்டு, பாதி அறுத்த வயல் உண்டு, ஆப்பிள் பிழியும் செக்கு உண்டு. ஆயினும் அங்கே களஞ்சியத் தரையில் அமர்ந்திருப்பதும், வயலில் துயில்வதும், பிழிவதைப் பார்த்திருப்பதும் பருவமே. பருவம் ஆளாக உருவகிக்கப்பட்டுள்ளது. அப்பாட்டின் சொல்வளத்திற்கு ஈடு சொல்ல இயலாது. எனினும் அங்கே தூங்கும் உருவத்தின் உள்ளங்காலில் வலி இல்லை. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் வந்த பிராஸ்ட், உருவகத்தை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு மனிதனைப் படுக்க வைத்தார்.

கவிதையின் முடிவில், வரப்போகும் தூக்கம் எத்தகையது என்னும் ஐயம் எழுகிறது. வளைக்குள் பனிக்காலம் முழுதும் உறங்கும் 'வுட்சக்' என்னும் கொறிவிலங்கின் நீண்ட உறக்கமா, அல்லது வெறும் மனித உறக்கமா என்று கேட்டு, விடை சொல்லாமல் கவிதை நின்றுவிடுகிறது. இதனைச் சாவின் குறியீடு என்று கொள்வோரும், படைத்துக் களைத்த கலைஞனின் நிலை என்று கொள்வோரும் உளர். அவ்வுரைகளுக்குக் கவிதையில் இடமுண்டு. ஆனால் வகுப்பறையில் குறியீட்டை முதலில் சொல்லிவிட்டால் ஆப்பிள் மறைந்துவிடும். ஆப்பிள் முதலில் ஆப்பிளாக, ஏணி முதலில் ஏணியாக மாணவர் உள்ளத்தில் நிற்க வேண்டும். அதன்பின் அவை வேறு எதைச் சுட்டினாலும் சுட்டட்டும்.

வெறுமையின் இன்பம்

அக்டோபரின் வண்ணம் போனபின் வரும் நவம்பரைப் பாடுவோர் குறைவு. 'என் நவம்பர் விருந்தாளி' என்னும் கவிதையில் பிராஸ்ட் அதனையும் பாடினார். துயரம் ஒரு பெண்ணாக வந்து அவரோடு தங்கியிருக்கிறாள். மழை பெய்யும் இருண்ட நாள்களே அழகின் எல்லை என்கிறாள். இலையற்ற மரத்தை விரும்புகிறாள். சேறான மேய்ச்சல் வழியில் நடக்கிறாள். பறவைகள் போனதற்கு மகிழ்கிறாள். இந்த அழகைக் காண அவருக்குக் கண் இல்லை என்றும் கடிந்துகொள்கிறாள். பனி விழுவதற்கு முற்பட்ட வெறுமையான நாள்களின் அழகைத் தாம் நேற்று அறிந்தவரல்லர் என்று கவிஞர் எண்ணுகிறார். ஆயினும் அவளிடம் சொல்லவில்லை. அவள் வாயால் கேட்கும்போது அந்நாள்கள் மேலும் அழகு பெறுகின்றன என்பதே காரணம். தெரிந்ததையும் தெரியாதது போல் கேட்டு நிற்கும் அந்தப் பணிவில் ஒரு மெல்லிய நகைச்சுவையும் கலந்துள்ளது.

குளிர்ந்த பருவத்தைத் துயரத்தோடு இணைத்துப் பாடும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. 188 அடிகளைக் கொண்ட நெடுநல்வாடை கூதிர்ப் பொழுதில் பிரிவால் வாடும் தலைவியைக் காட்டுவது. அங்கே நக்கீரர் அரண்மனைக்குள் நேராக நுழைந்துவிடவில்லை. வெள்ளத்திற்கு அஞ்சி ஆநிரையை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் சென்று, தீயில் கை காய்ச்சியும் நடுக்கம் தீராத கோவலரை முதலில் காட்டுகிறார். பயன்படாமல் கிடக்கும் விசிறியையும் சந்தனம் அரைக்கும் கல்லையும் காட்டுகிறார். அரசியின் துயரத்தை உணர வேண்டுமானால் ஆயனின் நடுக்கத்தை முதலில் உணர வேண்டும் என்பது போல அமைந்தது அப்பாட்டு. தொழிலும் புழங்குபொருளும் பருவத்தைக் காட்டும் முறை இரு நாட்டுக் கவிஞர்க்கும் பொதுவாக அமைந்திருப்பது மாணவர் கருதத்தக்கது.

பயனற்ற விளைச்சலும் பறிக்காத பழமும்

தொழிலே இன்பத்தின் ஊற்று என்றால், பயன் தராத தொழிலில் இன்பம் உண்டா? 1923இல் வெளிவந்த 'நியூ ஹாம்ப்ஷயர்' நூலிலுள்ள 'இலை சேர்த்தல்' இவ்வினாவைக் குறும்பாக எழுப்புகிறது. உதிர்ந்த இலைகளை மண்வெட்டியால் அள்ளினால் கரண்டியால் அள்ளுவது போல் ஒன்றும் சேர்வதில்லை. பை நிரம்பியும் கனமில்லை. நாள் முழுதும் சலசலப்பு மட்டும் மிகுதி. கட்டி அணைத்தால் கை வழியே நழுவுகிறது. கொட்டகை நிரம்பியபின் பார்த்தால் எடையும் இல்லை; நிறமும் மங்கிவிட்டது; பயனும் இல்லை. ஆயினும் விளைச்சல் விளைச்சல்தான், அறுவடைக்கு எல்லை வகுப்பவர் யார் என்று கவிதை முடிகிறது. மிகச் சிறிய அடிகளால் ஆன இக்கவிதை குழந்தைப் பாடல் போல் ஒலிக்கிறது. ஆனால் பாடுபட்டும் கையில் ஒன்றும் தங்காதவர்களின் சிரிப்பு அதில் கேட்கிறது. கைவிடப்பட்ட பண்ணைகள் சூழ்ந்த நாட்டில் அச்சிரிப்பு எளிய சிரிப்பன்று.

1936இல் வந்த 'மற்றுமொரு தொடர்' என்னும் நூலில் 'அறுவடை ஆகாதது' என்னும் கவிதை உண்டு. சாலை வழியே செல்பவன் ஒரு சுவருக்கு அப்பாலிருந்து வரும் கனிமணத்தால் ஈர்க்கப்பட்டு வழி விலகுகிறான். அங்கே ஓர் ஆப்பிள் மரம் தன் சுமை முழுவதையும் தானே இறக்கிவிட்டு நிற்கிறது. தரையில் செந்நிற வட்டமாகப் பழங்கள் கிடக்கின்றன. நம் திட்டங்களுக்கு வெளியே ஏதேனும் ஒன்று எப்போதும் அறுவடையாகாமல் இருக்கட்டும், அதன் மணத்தை நுகர்வது திருட்டாகாதிருக்கட்டும் என்று அவன் விரும்புகிறான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழமும் விழாமல் இறக்கப் பாடுபட்டுக் களைத்த குரலை நினைவில் கொண்டு படித்தால்தான் இவ்விருப்பத்தின் அருமை விளங்கும். ஏணியில் ஏறாதவன் 'பறிக்காமல் விடுங்கள்' என்று சொல்வது எளிது. ஏறி இறங்கிய கை அதைச் சொல்லும்போது அது கனிவாகிறது.

குறையும் நிறையும்

பிராஸ்டின் மேல் கூறத்தக்க குறைகளும் உண்டு. அவர் முழுநேர உழவரல்லர். 1901இல் பாட்டனார் மறைந்தபின் ஆண்டுதோறும் கிடைத்த உதவித்தொகையும் பிற்காலத்து ஆசிரியர் ஊதியமும் அவரைத் தாங்கின. விளைச்சல் பொய்த்தால் பட்டினி என்னும் நிலை அவருக்கு இல்லை. ஆகவே அவர் காட்டும் களைப்பில் அச்சம் குறைவு. பிற்காலத்தில் நான்கு முறை புலிட்சர் பரிசு பெற்றுப் புகழின் உச்சியில் நின்றபோது, சிற்றூர்ப் பெரியவர் என்னும் தோற்றத்தை அவரே விரும்பி அணிந்துகொண்டார் என்பதும், சில கவிதைகளின் இறுதியில் அறிவுரை துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதும் மறுக்கத்தக்கனவல்ல. இக்குறைகளை மறைத்துக் கற்பிப்பது திறனாய்வாகாது.

ஆயினும் நல்ல கவிதை, எழுதியவரின் வருமானக் கணக்கால் அளக்கப்படுவதன்று. எழுதிய பொருளை அவர் எவ்வளவு நெருங்கித் தொட்டார் என்பதால் அளக்கப்படுவது. அவ்வளவையால் பார்த்தால் 'ஆப்பிள் பறித்த பின்' குறையின்றி நிற்கிறது. அது உழைப்பைப் புகழவில்லை. உழைப்பின் கொடுமையை முழக்கவுமில்லை. உழைத்த உடம்பு எதை நினைவில் வைத்துக்கொள்கிறதோ அதை அப்படியே சொல்கிறது.

இவ்விடத்தில்தான் இக்கவிதைகள் மலேசியத் தமிழ் மாணவர்க்கு நெருங்கி வருகின்றன. நான்கு பருவங்கள் இல்லாத நாட்டிலும் இலையுதிர்வு அறியப்படாததன்று. ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் மரங்களின் இலைகள் சிவந்தும் மஞ்சளித்தும் உதிர்ந்து, நிரைகளின் இடையே மெத்தையாகக் கிடக்கும். பால் குறையும், கூலியும் குறையும். தோட்டப்புறத்தில் வாழ்ந்த தலைமுறை அதை அழகாகவும் அறிந்தது, அரை வயிற்றுக் காலமாகவும் அறிந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பிறகு, அந்த இலைச் சருகின் ஒலியை அறிந்தோர் குறைந்து வருகின்றனர். கைவிடப்பட்ட பண்ணைகளின் கற்சுவர்களுக்கு இடையே நின்று பிராஸ்ட் செய்த பணி, இங்கே இன்னும் முழுமையாகச் செய்யப்படாமல் கிடக்கிறது.

ஆகவே ஆசிரியர் இலையுதிர் காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, காணாத மேப்பிள் மரத்தின் மேல் அடைமொழிகளை அடுக்கச் சொல்வதில் பயனில்லை. பாட்டியின் விரலில் பால்வெட்டுக் கத்தி இட்ட காய்ப்பைத் தொட்டுப் பார்த்து வரச் சொல்லலாம். சருகின் மேல் நடந்து மங்கு எடுத்த விடியற்காலையில் எது மணத்தது, எது ஒலித்தது, உடம்பில் எங்கே வலித்தது என்று கேட்டு வரச் சொல்லலாம். கேட்டு வந்ததை மிகையின்றி எழுதினால் அதுவே இயற்கை வருணனை. அதுவே இலக்கியமும் ஆகக்கூடும். கருப்பொருளின் வரிசையில் தொழிலுக்கும் இடம் தந்த மொழியின் மாணவர்க்கு இது புதிய பாடமன்று, மறந்த பாடம். அதனை நினைவூட்ட வடபுலத்து ஆப்பிள் தோட்டத்தின் ஏணி ஒன்று உதவுமானால், அவ்வேணியில் ஏறிப் பார்ப்பதில் தவறில்லை.